பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டரும் மீட்டர் விளக்கும் மங்கலாக எரிகின்றன. பழைய காரின் வயரிங்கை முழுதும் மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். இப்போதைக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

“எலெக்ட்ரீசியன் பார்த்துவிட்டு முழு வயரிங்கும் போய்விட்டது என்கிறார்” என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை வாசித்ததும் பழைய கோபம் திரும்ப வந்துவிட்டது. இதே வார்த்தையை எனக்கும் சொன்னார்கள். உங்கள் கார் பதினைந்து வருடம் தாண்டியது, வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்பது, நடுவில் யாரோ ஒருவர் ஸ்டீரியோவோ ஃபாக் லைட்டோ மாட்டிக் கொடுத்தது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். புதிய கார் என்றால் இந்தப் பதிலை விட்டுவிடுங்கள். அதில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அது வேறு கதை.

நான் மெக்கானிக் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். “தொழில் தெரியாதவன் ஏன் பேசுகிறாய்” என்று கீழே வந்து எழுதப்போகிறவர்கள், முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. 2023 டிசம்பர் 17, 18 மழை பலருக்கு நினைவிருக்கும். பக்கத்திலே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் வண்டி சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. இன்சூரன்ஸ் மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான், ஆகவே ஒரு பைசா வராது. ஆயில் எல்லாம் மாற்றி, சீட்டைக் கழற்றிக் காயவைத்து, ஒருவழியாக இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சின்ன இன்ஜினைக் குறை சொல்லவே முடியாது.

விளக்குகள் சேட்டை காட்டத் தொடங்கியது சில மாதம் கழித்து. பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் பின்விளக்கு மினுக்கென்று அழும், முன்பக்க இடது இண்டிகேட்டர் மங்கலாக எரியும். லைட் சுவிட்ச்சைப் போடாமலேயே மீட்டருக்குள் வெளிச்சம் வரும். இரவில் லைட் போட்டு ஓட்டினால் மீட்டர் வெளிச்சம் விட்டுவிட்டு வரும். போதாததற்கு, மறுபதிவுக்கு வண்டியைக் காட்ட வேண்டிய வருடம் அது. 2022 ஏப்ரலில் அதற்குக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியிருந்தார்கள். அவ்வளவு கட்டி, விளக்கு எரியவில்லை என்று திருப்பி அனுப்பினால் வயிறு எரியாதா?

எலெக்ட்ரீசியன் வந்தார். சாவியைப் போட்டார், பிரேக்கை ரெண்டு தரம் மிதித்தார். “அண்ணாச்சி, வெள்ளத்துல நின்ன வண்டி. உள்ள எல்லாம் அரிச்சிருக்கும். வயரிங் முழுசும் மாத்திருவோம், மீட்டர் போர்டும் பழசுல ஒண்ணு பாத்துப் போட்டுருவோம்” என்றார். அவர் சொன்ன தொகைக்கு வண்டியையே விற்றாலும் கிடைக்காது. பின்விளக்கின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா எலெக்ட்ரீசியனும் இப்படி என்று சொல்லவரவில்லை. கையில் டெஸ்ட் லைட் இல்லாமல் வண்டிக்குள் தலையையே விடாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய காரின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பக்கத்திலேயே இண்டிகேட்டர் பல்பு, அதுவும் 21 வாட். எல்லாவற்றுக்கும் பிளஸ் தனித்தனி வயரில் வரும், ஆனால் கரண்ட் திரும்பிப் போவதற்கு எல்லாம் சேர்ந்து ஒரே எர்த் வயர். அந்த வயரின் நுனி டிக்கிக்குள் பாடித் தகரத்தில் ஒரு ஸ்குரூவால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்குரூ துருப்பிடித்துவிட்டால் கரண்ட்டுக்கு வெளியேற வழி இல்லை. வழி இல்லை என்று அது சும்மாவும் நிற்காது. ஓடையை அடைத்தால் வெள்ளம் பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போகிறதே, அப்படித்தான். பிரேக் கரண்ட் இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாகப் புகுந்து, அந்த வயர் வழியே முன்பக்க இண்டிகேட்டருக்குப் போய் அங்கே இருக்கும் எர்த்தில் இறங்கும். இன்னொரு பங்கு பார்க் இழை வழியாகப் பின்னோக்கிப் போகும். பார்க் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் வெளிச்சம் மூன்றும் ஒரே வயரில் இருப்பதால், பிரேக் மிதித்தால் மீட்டர் எரிகிறது. உங்களுக்கும் இதுதான் நடக்கிறது. டேஷ்போர்டில் ஒரு கோளாறு, பின்னால் ஒரு கோளாறு என்று தனித்தனியாக நினைக்காதீர்கள். சேர்ந்து ஆடுகிற விளக்குகளுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஓடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் பக்கம் மழைத் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் இருந்தது. நான் சைக்கிள் ஓட்டிய காலத்தில் அதன்மேல் கல்பாலம். இப்போது அது வீட்டுமனை. கல் நட்டு, வர்ணம் அடித்து, நகர் என்று பெயர் வைத்து விற்றார்கள், அனுமதியும் கிடைத்தது. தண்ணீர் வந்து நின்றபோது “வரலாறு காணாத மழை” என்றார்கள். மழை வரலாறு காணாததுதான், ஒப்புக்கொள்கிறேன். வாய்க்காலைக் காணோமே, அதற்கு யார் பதில் சொல்வது? மனு கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன். விடுங்கள்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையைப் பின்விளக்கின் எர்த் டெர்மினலிலும், கறுப்பு முனையைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடித் தகரத்திலும் வைத்து, வேறொருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். என் வண்டியில் ஐந்து வோல்ட்டைத் தாண்டியது.

பல்பு மாட்டியிருக்கும்போது, அது எரிய முயலும்போது அளப்பதுதான் முக்கியம். பல்பைக் கழற்றிவிட்டுக் காலி ஹோல்டரில் அளந்தால், வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் கம்பீரமாக 12 வோல்ட் காட்டும். வயர் அறுபடவில்லை என்று மல்டிமீட்டர் போடும் பீப் சத்தமும் அதே மாதிரி ஏமாற்றும். “அளந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இப்படி அளந்தவர்கள்தான். மல்டிமீட்டர் இல்லையா? ஒரு நீள வயரை பேட்டரி மைனஸில் இருந்து இழுத்து வந்து பின்விளக்கின் எர்த்தில் தொடுங்கள். பிளஸ் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தால் நோய் தெரிந்துவிட்டது.

அந்த ஸ்குரூவைக் கழற்றினேன். வயர் முனையின் செம்பில் பச்சையாகக் களிம்பு, தகரத்தில் செந்துரு. எங்கள் ஊர் உப்புக் காற்றே போதும், இதில் வெள்ளமும் சேர்ந்துகொண்டது. உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து, வயரைக் கொஞ்சம் வெட்டிப் புது முனை போட்டு, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினேன். மொத்தச் செலவு ஒரு டீ, ரெண்டு வடை அளவுதான். பின்விளக்கு சரியாகிவிட்டது, பிரேக்குக்கு மீட்டர் எரிவதும் நின்றது.

இரவில் மீட்டர் வெளிச்சம் விட்டுவிட்டு வந்தது மட்டும் தொடர்ந்தது. அது ப்யூஸ் பெட்டி. ப்யூஸ் போகவில்லை, அதன் கால்களில் களிம்பு. பிடுங்கித் துடைத்துத் திரும்பச் சொருகியதில் நின்றுவிட்டது. போன ப்யூஸை மாற்றினால் அதே ஆம்பியர் போடுங்கள். 10 இருந்த இடத்தில் 20 போட்டால் ப்யூஸ் போகாது, வயர் போகும். அப்போது எலெக்ட்ரீசியன் சொன்னது உண்மையாகிவிடும்.

இன்னொன்று, சாவியைத் திருப்பியதும் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் “ஒரு தொல்லை குறைந்தது” என்று விடக்கூடாது. பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான முதல் கரண்ட் அந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் போகிறது.

எல்இடி மாற்றச் சொல்கிறவர்கள் கட்டாயம் வருவார்கள். இந்தக் கோளாறு சரியாகும்வரை அதைத் தொடாதீர்கள். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர் பல்பின் சுமையை நம்பி ஓடுவது, எல்இடி போட்டால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். அப்புறம் எது பழைய கோளாறு, எது புதுசு என்று தெரியாது. இரண்டு இழை பல்பு வாங்கும்போது, பக்கவாட்டுக் குமிழ் இரண்டும் ஏற்ற இறக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சரியாக உட்காராததை அமுக்கித் திருகி மாட்டினால் பிரேக்கும் பார்க்கும் இடம் மாறி எரியும்.

வயர் உருகியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, எலி கடித்திருந்தாலோ நான் சொன்னது எதுவும் பொருந்தாது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு நல்ல ஆளைக் கூப்பிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஸ்டியரிங் பக்கம் கையே வைக்காதீர்கள்.

என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. பின்விளக்கு எர்த்தில் மல்டிமீட்டர் எவ்வளவு காட்டியது என்பதோடு அதையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தபடி எடுத்த அளவு மட்டும் போடுங்கள். காலி ஹோல்டரில் எடுத்த 12 வோல்ட் எனக்கு வேண்டாம்.