எம்டி வேண்டாம், ஈபி-யில் பிஏ ஆகிறேன் என்கிறாள் மகள்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் கல்லூரி மூன்றாம் ஆண்டில் உயிரியல் படிக்கும் மகள், டாக்டராவதற்கான எம்டி-க்குப் போகாமல் பிஏ (பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்க உரிமம் பெற்றவர்) படித்து, இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் ஈபி (எலக்ட்ரோஃபிசியாலஜி) பிரிவில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். இவ்வளவு மார்க் வாங்கியவள் ஏன் பாதி வழியில் நிற்க வேண்டும் என்பது உங்கள் கவலை. பாதி வழி என்ற எண்ணத்தை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். அவள் கேட்பது வேறொரு வேலை. அந்த வேலை அவளுக்குப் பொருந்துமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

வருடக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஈபி மருத்துவராக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரி 4 வருடம், பொது மருத்துவப் பயிற்சி 3, இதய மருத்துவம் 3, அதற்கு மேல் ஈபி 2. இளங்கலைக்குப் பிறகு மொத்தம் 12 வருடம். பிஏ முதுகலைப் படிப்பு பெரும்பாலும் 27 மாதத்தில் முடிந்துவிடும். அந்த 12 வருடம் படித்தவருக்குக் கிடைப்பது என்ன? இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நடத்தி, கோளாறான இடத்தைச் சுட்டோ உறைய வைத்தோ செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் அவர் கையில் இருக்கும். இறுதி முடிவும் அவருடையது. உங்கள் மகளின் மனம் அதில்தான் இருக்கிறது என்றால், பிஏ அதற்குக் குறுக்கு வழி ஆகாது. எத்தனை வருட அனுபவம் சேர்ந்தாலும் பிஏ-விலிருந்து மருத்துவராகப் பதவி உயர்வு வராது. இதை அவளிடம் இப்போதே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

அப்லேஷன் நடக்கும் அறையான ஈபி லேபை அவள் ஒருமுறை பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். பெரிய திரையில் இதயத்தின் முப்பரிமாண வரைபடம் நிறம் நிறமாக ஓடும். பார்க்கிற யாருக்கும் ஆசை வரும். ஆனால் பிஏ-வும் என்பி-யும் (நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்படிப்பு படித்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் நர்ஸ்) செய்கிற வேலையில் பெரும்பகுதி லேபுக்கு வெளியே நடக்கிறது. வார்டு, கிளினிக், தொலைபேசி, நோயாளிகளின் பேஸ்மேக்கரும், ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் ஐசிடி கருவியும் வீட்டிலிருந்து அனுப்பும் தகவல்கள் என்று அவர்களுடைய நாள் போகும். அந்த வேலை பிடித்தவர்கள் இந்தத் துறையில் சந்தோஷமாக இருக்கிறார்கள். லேபுக்காக மட்டும் வந்தவர்களுக்குச் சில வருடங்களில் சலிப்பு வந்துவிடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு டோஃபெட்டிலைடு என்று ஒரு மாத்திரை உண்டு. அதை வீட்டிலேயே தொடங்கச் சொல்லிச் சீட்டு எழுத முடியாது. குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் வைத்து, மானிட்டரில் பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் அளவை முடிவு செய்வார்கள். ஒவ்வொரு வேளை மாத்திரைக்குப் பிறகும் 2, 3 மணி நேரத்தில் ஈசிஜி எடுத்து க்யூடிசி இடைவெளியை, அதாவது ஒரு துடிப்பில் இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். முதல் மாத்திரைக்குப் பிறகு அது 15 சதவீதத்துக்கு மேல் நீண்டாலோ 500 மில்லிசெகண்டைத் தாண்டினாலோ அளவைப் பாதியாக்க வேண்டும். அடுத்தடுத்த வேளைகளிலும் 500-ஐத் தாண்டினால் மருந்தையே நிறுத்த வேண்டும். கவனம் தவறினால், மருந்தே உயிருக்கு ஆபத்தான துடிப்பைக் கிளப்பிவிடும். பல மருத்துவமனைகளில் இதை நாள்தோறும் கவனிப்பவர் பிஏ அல்லது என்பி. பொட்டாசியம் குறைந்திருக்கிறதா, க்யூடிசி-யை நீட்டும் வேறு மருந்தை யாராவது சேர்த்துவிட்டார்களா என்று அலுக்காமல் தேடும் குணம் இதற்கு வேண்டும்.

தொலைபேசியையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அப்லேஷன் முடிந்து மூன்று வாரம் ஆன ஒருவர் அழைத்து, லேசாகக் காய்ச்சல், விழுங்கினால் நெஞ்சு வலிக்கிறது என்கிறார். கேட்பதற்குச் சளிக் காய்ச்சல் மாதிரி இருக்கும். ஆனால் இடது மேலறைக்கும் அதன் பின்னால் ஒட்டிக் கிடக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். மிக அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. உடனே வரவழைத்து நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வழக்கம்போல எண்டோஸ்கோப்பி செய்தால், உள்ளே செலுத்தும் காற்று அந்த ஓட்டை வழியாக இதயத்துக்குப் போய் மூளையைத் தாக்கிவிடலாம். அதனால் எண்டோஸ்கோப்பி வேண்டாம் என்று அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்த அழைப்பை எடுப்பவர் பெரும்பாலும் லேபில் இருக்கும் மருத்துவராக இருக்க மாட்டார். உங்கள் மகள் எடுக்கப்போகும் அழைப்பு அது. இந்தப் பொறுப்பைப் பார்த்த பிறகு, இது குறைந்த வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐசிடி ஷாக் அடித்துப் பயந்துபோனவரைத் தேற்றுவது, பேஸ்மேக்கர் பேட்டரி எப்போது தீரும் என்று பார்ப்பது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது என்று பொறுமையாக விளக்குவது, தொடை இடுக்கில் கதீட்டர் போட்ட இடத்தில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்த்து வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே இந்த வேலைதான். பயிற்சி பெற்றவர்கள் பல இடங்களில் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் லூப் ரெக்கார்டர் என்ற சிறு கருவியைத் தோலுக்கடியில் வைப்பதையும் தாங்களே செய்கிறார்கள்.

சரி, பிஏ-வா என்பி-யா? இரண்டும் 1965-ல் பிறந்த தொழில்கள். பிஏ டியூக் பல்கலைக்கழகத்தில், என்பி கொலராடோவில். ஈபி பிரிவில் இருவரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. போகும் பாதைதான் வேறு. என்பி ஆக முதலில் நர்ஸ் ஆக வேண்டும். உங்கள் மகள் துரித நர்சிங் பட்டம், நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு, சில வருட வேலை, அப்புறம் முதுகலை அல்லது டிஎன்பி என்ற நர்சிங் முனைவர் பட்டம் என்று சுற்றி வர வேண்டியிருக்கும். கையில் உயிரியல் பட்டம் இருக்கப்போவதால் பிஏ அவளுக்கு நேர்வழி என்றே நினைக்கிறேன். ஆனால் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலைந்து வருடம் நர்ஸாக இருந்து என்பி ஆனவர், ஈபி-க்கு வரும்போதே மானிட்டரைப் பார்த்ததும் துடிப்பைச் சொல்லிவிடுவார். அந்தப் பலத்தையும் மறந்துவிட வேண்டாம்.

ஒருவேளை என்பி வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. குடும்ப மருத்துவ என்பி படித்துவிட்டு, உள்நோயாளிகளைப் பார்க்கும் வேலை கேட்டால் பல மருத்துவமனைகள் தயங்கும். வயது வந்தோர்-முதியோர் தீவிர சிகிச்சை என்ற பிரிவைத்தான் கேட்பார்கள். பின்னால் மாற வேண்டுமென்றால் மறுபடி ஒரு சான்றிதழ் படிப்பு. பிஏ-வுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஈபி பிடிக்கவில்லையென்றால் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். இன்னொன்றும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே பிஏ பட்டம் வாங்கியவர் இங்கே பிஏ உரிமத் தேர்வான பான்ஸ் எழுத முடியாது. பிஏ படிப்புகளை அங்கீகரிக்கும் ஏஆர்சி-பிஏ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்கள் மட்டுமே எழுதலாம்.

எந்தப் பள்ளியில் படித்தாலும் ஈபி-யைச் சொற்பமாகத்தான் சொல்லித் தருவார்கள். பிஏ படிப்பில் 2,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி இருந்தாலும் அது பல துறைகளுக்குப் பிரிந்துபோகும். அதனால் ஈபி-யை உண்மையில் கற்றுத்தருவது முதல் வேலைதான். பள்ளியின் பெயரைவிட, முதல் வேலையில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள் என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு: தனியாக நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் முன் எத்தனை மாதம் பயிற்சி? ஈசிஜி-யும், பேஸ்மேக்கர், ஐசிடி போன்ற சாதனங்களின் சோதனையும் யார் கற்றுத்தருவார்கள்? வீட்டிலிருந்து வரும் சாதனத் தகவல்களைப் பார்க்கத் தனி ஆள் உண்டா, இல்லை கிளினிக் நேரத்துக்கு நடுவே அவளே பார்க்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அந்த வேலையை ஏற்கும் முன் நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள். சில வருடம் வேலை பார்த்த பிறகு இதயத் துடிப்புத் துறையில் சான்றளிக்கும் ஐபிஎச்ஆர்இ அமைப்பின் சாதன நிபுணர் தேர்வு எழுதலாம். கட்டாயம் இல்லை, ஆனால் மதிப்பு உண்டு.

வருமானம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி எல்லாத் துறை பிஏ-க்களுக்கும் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 1,30,000 டாலர், என்பி-க்களுக்குச் சுமார் 1,26,000. செலவுப் பக்கத்தையும் பாருங்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. படிப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சேர்க்கை வாங்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

இந்த வருடம் அவள் செய்ய வேண்டியவை சிலதான், ஆனால் அவற்றை முழுமையாகச் செய்ய வேண்டும். மருத்துவமனையில் டெலிமெட்ரி மானிட்டர் டெக்னீஷியனாகப் பகுதி நேர வேலை கிடைக்குமா என்று தேடட்டும். நாள் முழுக்கத் துடிப்பு வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அது. ஈபி-யில் ஆர்வம் நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் சில பிஏ பள்ளிகள் இதை, விண்ணப்பிப்பவரிடம் அவை கேட்கும் நேரடி நோயாளிப் பராமரிப்பு நேரமாக ஏற்காது. அவற்றுக்காக அவசர ஊர்தி உதவியாளர் அல்லது நர்சிங் உதவியாளர் வேலையும் சேர வேண்டும். கூடவே ஓர் ஈபி பிஏ-வுடன் இருந்து பார்க்க அனுமதி கேட்கட்டும். லேப் நாளை விட்டுவிட்டு, கிளினிக் நாளில் போகச் சொல்லுங்கள். பிஏ விண்ணப்பத் தளமான காஸ்பா ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் இறுதியில் திறக்கும். அதற்குள் அவளுடைய மதிப்பெண் பட்டியலையும் அந்தப் பராமரிப்பு நேரக் கணக்கையும் எனக்கு அனுப்பி வையுங்கள். எந்தப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளையும் சேர்த்து வைத்துப் பேசுவோம்.