குடியை விட்டபின் வரும் இனிப்பு வேட்கை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எனக்கு 46 வயது. பதினான்கு ஆண்டுகளாகத் தினமும் இரவு 180 மில்லி பிராந்தி குடித்துவந்தேன். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தி இன்று 23ஆம் நாள். முன்பெல்லாம் இனிப்பைத் திரும்பியும் பார்க்கமாட்டேன். இப்போது இரவு ஏழரை ஆனதும் 100 கிராம் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் முடித்துவிட்டுத்தான் எழுகிறேன். அதன்மேல் ஒரு சாக்லேட். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தாலும் கை இனிப்பைத்தான் தேடுகிறது. எடை இரண்டு கிலோ கூடிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அந்தப் பயத்தில் போன வாரம் இனிப்பை அடியோடு நிறுத்தி, மதியச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன். மூன்றாம் நாள் மாலை மதுக்கடை இருக்கும் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினேன். மனைவி இனிப்புகளை ஒளித்துவைக்கிறார். ஒரு போதையை விட்டு இன்னொன்றில் விழுந்துவிட்டேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தெருமுனை வரை போய்த் திரும்பினீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அன்று உங்களை அங்கே கொண்டுபோனதில் பெரும்பங்கு பசிக்கு இருக்கிறது. மதியம் பாதி வயிறு, மாலையில் ஒன்றுமில்லை, ஏழரைக்கு இனிப்பும் கிடையாது. பதினான்கு வருடம் அந்த நேரத்தில் என்ன வந்ததோ அதை உடம்பு கேட்டது. இப்போதைக்கு உங்கள் முதல் வேலை குடிக்காமல் இருப்பது. சர்க்கரையைக் குறைப்பது அதற்கு அடுத்த வேலை. இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றிக்கொண்டால் முதலில் சரிவது முதல் வேலைதான்.

இந்த வேட்கை எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் பாருங்கள். 40 சதவீத மது 180 மில்லியில் ஏறக்குறைய 57 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கிலோகலோரி வீதம் இரவுக்கு 400. அது ஒரே நாளில் நின்றுபோனது. அந்த இடத்தில் நீங்கள் வைத்த பிஸ்கட் பாக்கெட்டும் கிட்டத்தட்ட 480 கிலோகலோரிதான். அதாவது, உடம்பு பழைய வரவைப் புதிய வழியில் வசூலிக்கிறது. இதற்கு மூளையும் துணை. மூளையில் இன்ப உணர்வைக் கிளப்பும் டோபமின் பாதையை மது தூண்டியது போல இனிப்பும் தூண்டும், அவ்வளவு பலமாக இல்லாவிட்டாலும். அடுத்தது கல்லீரல். மது உள்ளே இருக்கும்வரை கல்லீரல் அதைக் கரைப்பதிலேயே இருக்கும்; புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பது தடைப்படும். குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் கிளைக்கோஜன் என்ற பெயரில் கல்லீரல் சேமித்துவைத்திருக்கும் சர்க்கரையும் தீர்ந்து, ரத்தச் சர்க்கரை இறங்கலாம். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: வெறும் வயிற்றில்தான் ஏறும் என்பதற்காகவே குடிப்பவர்கள் மாலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள். ஆகவே ஏழரை மணி என்பது உங்கள் உடம்பில் பல வருடமாகவே கடும்பசி நேரம்.

எனவே மாற்றத்தை ஏழரையில் தொடங்காதீர்கள், காலையில் தொடங்குங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு, பிறகு விழித்திருக்கும்வரை மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை ஏதாவது. மூன்று முக்கிய வேளைகளிலும் 20 முதல் 30 கிராம் புரதம் இருக்கட்டும். இரண்டு முட்டையில் 12 கிராம் வரும், வெந்த பருப்பு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 18, சமைத்த மீனோ கோழியோ 100 கிராமில் 25 அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை இனி ஒருபோதும் பாதியாக்காதீர்கள்.

உங்கள் நாளிலேயே முக்கியமான வேளை மாலை ஆறரை மணி. குடிக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வயிற்றில் திடமாக ஏதாவது விழுந்தாக வேண்டும்: இரண்டு முட்டை, அல்லது வேகவைத்த பயறு ஒரு கோப்பை, அல்லது ஒரு கைப்பிடி நிலக்கடலையும் ஒரு பழமும். பசி வந்தபின் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் பிந்திவிடும். குடியிலிருந்து மீள்பவர்களின் குழுக்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கு எச்சரிக்கைகளைச் சொல்லித்தருவார்கள். பட்டியலில் பசி முதலில் நிற்பது பொருத்தம்தான். அந்த நான்கில் ஒரு தட்டு உணவால் தீர்ந்துவிடுவது அது ஒன்றே.

இனிப்பை நிறுத்தவேண்டாம், இடம் மாற்றுங்கள். வெறும் வயிற்றில் எட்டு மணிக்கு முன் இனிப்பு இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்தபின் உண்டு. இப்போது நீங்கள் எடுக்கும் பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் சேர்த்து 60 கிராம் சர்க்கரைக்குக் குறையாது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். அங்கே போய்ச் சேர ஆறு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் நேரத்தை மட்டும் மாற்றுங்கள், அளவில் கைவைக்கவேண்டாம். அடுத்த இரண்டு வாரம் பாக்கெட்டில் பாதி. பிறகு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு முழுப் பழமும் 70 சதவீதக் கறுப்புச் சாக்லேட் 20 கிராமும்; அந்தச் சாக்லேட்டில் ஏறக்குறைய 6 கிராம்தான் சர்க்கரை. எந்தக் கட்டத்திலாவது மதுவின் நினைப்பு ஓங்கினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பி ஒரு வாரம் அங்கேயே இருங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

பலர் சறுக்குவது திரவத்தில். மது ஊற்றிய அதே கண்ணாடி டம்ளரில், அதே நாற்காலியில், கோலா. 330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை; இரண்டு குடித்தால் 70, வயிறும் நிறையாது. பழச்சாறும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். தேன், பேரீச்சை என்று மாறுவதாலும் பெரிதாக எதுவும் குறையாது. குடித்த கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரையின் பாதியான ஃபிரக்டோஸைக் கையாள்வதும் பெரும்பாலும் அதே கல்லீரல்தான். குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அந்தக் கொழுப்பு கரையத் தொடங்கும்; அதை இனிப்புப் பானத்தால் மறுபடி நிரப்பவேண்டாம். ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டில் இருக்கும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற மாற்று இனிப்புகள் அளவு மீறினால் வயிற்றை உப்பவைத்துப் பேதியாக்கும். ‘ஆல்கஹால் இல்லாத’ பியர்களில் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை மது இருக்கிறது. அதைவிட, அந்த மணமும் நுரையுமே பழைய நினைப்பைக் கிளப்பிவிடும். மது உள்ளே போனால் உடம்பை ஒவ்வாமல் படுத்தும் டைசல்ஃபிராம் மாத்திரையில் நீங்கள் இருந்தால் அது ஆபத்தும்கூட.

வேட்கை அலை போல வரும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் வேகமாக நடங்கள், மதுக்கடை இல்லாத திசையில்.

மருத்துவர் தயமின், அதாவது வைட்டமின் பி1, எழுதித் தந்திருந்தால் வெறும் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரையை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். நீண்டநாள் குடித்தவர்களிடம் அது குறைந்திருக்கும். இருப்பு குறைவாக இருக்கும்போது இனிப்பைக் கொட்டினால் தேவை இன்னும் கூடும். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எடையைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். கிளைக்கோஜன் ஒரு கிராம் சேர்ந்தால் அதோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேரும். அந்த இரண்டு கிலோவில் ஒரு பகுதி அதுதான். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை இப்போதே பாருங்கள். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-உம் அதற்கு மேலும் வந்தால் மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். குடிக்காத நாட்களின் கணக்கு அதில் தெரிய மூன்றாம் மாத முடிவில் எடுப்பது நல்லது. இனிப்பு தின்றும் எடை குறைந்தால், தாகமும் சிறுநீரும் கூடினால், மலம் எண்ணெயாக மிதந்தால், கணையம் கெட்டிருக்கலாம். அதற்குக் காத்திருக்கக்கூடாது. ஏற்கனவே இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் குடியை நிறுத்தும்போது அளவை மருத்துவரிடம் திருத்திக்கொள்ள வேண்டும். வியர்வை, நடுக்கம் வந்து சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். தினமும் அதிகம் குடிப்பவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவேண்டாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிரே போகலாம். இவரைப் போல மருத்துவரோடு செய்யுங்கள்.

உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுங்கள். அம்மா, இனிப்பை ஒளித்துவைக்காதீர்கள். ஒளிப்பதும் தேடுவதும் பாட்டில் காலத்துப் பழக்கம்; அது வீட்டுக்குள் திரும்ப வரவேண்டாம். பெரிய பாக்கெட்டாக வாங்காமல் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மேசைமேல் வெளிப்படையாக வையுங்கள். ஆறரை மணிச் சாப்பாட்டுக்கு அவரோடு நீங்களும் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றில் விழுந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 23 நாள் ஆன உடம்பு இப்படித்தான் கேட்கும். ஆறு மாதம் ஆகியும் அளவு குறையவில்லை, மறைத்துத் தின்கிறீர்கள் என்றால் மனநல மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

இரண்டு மணி விழிப்புக்கு, படுக்கப்போகும்முன் ஒரு கோப்பை பாலோ தயிரோ சிறு கைப்பிடிக் கடலையோடு எடுத்துப் பாருங்கள். கல்லீரல் சுருக்கம் இருப்பவர்களுக்கு இந்த இரவுச் சிற்றுணவைச் சிகிச்சையாகவே சொல்வார்கள், அவர்கள் நீண்டநேரம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதால். மதியம் இரண்டுக்குப் பிறகு காபி வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். அப்படியும் விழிப்பு வந்தால், படுக்கையருகே ஒரு வாழைப்பழம் இருக்கட்டும். சமையலறை விளக்கைப் போடவேண்டியதில்லை.