கார் டிஸ்க் பிரேக் மாற்றம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. டிஸ்க்கையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சக்கரத்தோடு சுழலும், பேட் அழுத்திப் பிடிக்கும் தட்டுதான் டிஸ்க்; அதை அளந்து பார்த்து முடிவெடுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பதை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். புதிதில் 22 மி.மீ. உள்ள டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 20 மி.மீ. என்றிருக்கும். பேட் படாத ஓரத்தில் தேயாமல் ஒரு வரப்பு நிற்கும். வெர்னியரை அப்படியே வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும். மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி, பேட் உரசும் பகுதியில் நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். டிஸ்க் மாற்றினால் பேட்டும் புதிதாகவே இருக்கட்டும். எதை மாற்றினாலும் இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்யும்போது எங்கெங்கே சிக்கல் வரும்?

பதில்: வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஜாக்கி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி கை வைக்கவே கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எது எப்படி மாட்டியிருந்தது என்ற சந்தேகம் வந்தால், கழற்றாத பக்கம் பதில் சொல்லும்.

கழற்றிய காலிப்பரை (பேட்டுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். சி-கிளாம்ப் வைத்து, காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி ஏறும்; வழிவதற்குள் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும்.

டிஸ்க் ஹப்போடு (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதி) ஒட்டிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலைத் தேடுமுன், டிஸ்க்கின் முகத்தில் மரையுள்ள இரண்டு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருத்தமான போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும்.

உள்பக்க பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டும் அதே கதிக்குத்தான் போகும். பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பின்னை மூடும் ரப்பர் உறையை உப்ப வைத்து, பின்னை மறுபடி இறுக்கிவிடும். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பானர்) வைத்தே முறுக்குங்கள்.

வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பல தடவை மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் அடிவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. இதை மறந்து கிளப்பினால் எதிரே உள்ள சுவர்தான் நிறுத்தும்.

கேள்வி: டிஸ்க், பேட் இரண்டும் புதிது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், பிரேக் போட்டால் ஸ்டீயரிங் அதிர்கிறது. டிஸ்க் தரமில்லாததா?

பதில்: டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் ஹப்பைப் பாருங்கள். பழைய டிஸ்க்கை எடுத்ததும் ஹப் முகத்தில் துரு செதில் செதிலாக நிற்கும். அதன்மேலேயே புது டிஸ்க்கை உட்கார வைத்தால் இம்மியளவு சாய்ந்துவிடும். டிஸ்க் சுழலும்போது பல வண்டிகளுக்கு அனுமதிக்கப்படும் பக்கவாட்டு ஆட்டம் 0.1 மி.மீ.க்குள்தான். சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசி, அங்கே மட்டும் மெலியும். அந்தத் தடிமன் வித்தியாசம்தான் அதிர்வாகக் கைக்கு வருகிறது. அதனால்தான் மாட்டிய அன்று எதுவும் தெரியாது.

கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பைத் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஸ்டட்டுகளைச் (வீல் நட் மாட்டும் மரையாணிகள்) சுற்றியுள்ள துருவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். ஏற்கெனவே மெலிந்துவிட்ட டிஸ்க்கைக் கடைந்து சரிசெய்யலாம். குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாது என்றால் மட்டும்.

கேள்வி: பின்சக்கர காலிப்பரின் பிஸ்டன் கிளாம்ப்புக்கு அசையவே இல்லையே?

பதில்: மேலும் அழுத்தாதீர்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் வரும் காலிப்பர் பலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். அதற்கென்று தனி டூல் உண்டு. எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் அதன் மோட்டார் பிடியை விடும் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் மோட்டார் உடையும்.