டூங்காபியில் கார் ஷெட் போட கவுன்சில் அனுமதி வேண்டுமா?

தம்பி, சிட்னி டூங்காபியில் வாங்கிய வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த ஒரு கூரை போட வேண்டும், சேலம் அம்மாபேட்டையிலிருந்து வரும் அப்பா "நாலு பைப்பும் ஷீட்டும் இருந்தா ரெண்டு நாள் வேலை" என்கிறார், கவுன்சிலில் கேட்க வேண்டுமா என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் சொல்லும் இடத்தில் போட்டால் அநேகமாகக் கேட்க வேண்டும். அதையே வீட்டுக்குப் பக்கவாட்டில் தள்ளிப் போட்டால் யாரையும் கேட்காமலே முடிக்கலாம்.

லீவுக்கு வந்து சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்தத் தெருவில் பாதி வீட்டில் போர்டிகோவிலிருந்து கேட் வரை ஷீட் இறங்கியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ரோட்டிலோ பக்கத்து வீட்டு காம்பவுண்டிலோ விழும். இங்கேயும் விதி இல்லாமல் இல்லை, ஏற்காடு மேலே போனால் மலைப்பகுதிக்கென்று தனி விதியே உண்டு. அப்பா பார்த்துப் பழகியது இந்தத் தெருவைத்தான், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2008-இல் வந்த மாநிலக் கொள்கை ஒன்று இருக்கிறது. அதில் சொன்ன அளவுக்குள் அடங்கினால் அனுமதியே தேவையில்லை. குடியிருப்புப் பகுதியில் மனை 300 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் கூரை 25 சதுர மீட்டர் வரை, அதற்குள் என்றால் 20. உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு மனைக்கு ஒரு கார்போர்ட்தான், அதாவது இந்த மாதிரி பக்கம் திறந்த கார் ஷெட். இதெல்லாம் எளிது. எல்லோரும் மாட்டிக்கொள்வது இரண்டு தூரத்தில்: ரோட்டுப் பக்கம் கட்டடக் கோட்டிலிருந்து (வீட்டின் முன்சுவர் நிற்கும் கோடு) குறைந்தது 1 மீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும், பக்கத்து எல்லையிலிருந்து 900 மில்லிமீட்டர் விட வேண்டும். வீட்டின் முன்சுவரைத் தாண்டி ரோட்டை நோக்கி நீளும் ஷெட் முதல் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். அப்புறம் வரைபடம், கட்டணம், பக்கத்து வீட்டாரின் கருத்து என்று டிஏ (கவுன்சிலுக்குப் போடும் கட்டட அனுமதி விண்ணப்பம்) வழியில்தான் போக வேண்டும். எல்லையைத் தூணிலிருந்து அளக்காதீர்கள், ஷீட்டின் ஓரத்திலிருந்து அளந்துவிடுங்கள்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஷீட் விஷயம். பளபளவென்று மின்னும் வெள்ளைத் தகரம் ஆகாது. ஃபேக்டரியிலேயே வண்ணம் பூசி வரும், வெயிலைத் திருப்பி அடிக்காத ஷீட்தான். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஏற்கெனவே இருக்கும் மழைநீர் வடிகாலில் சேர்க்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து சுற்றி அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கலாம் என்ற யோசனை அவருக்கு வரும், எல்லா அப்பாக்களுக்கும் வரும். குறைந்தது இரண்டு பக்கமும், சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கும் திறந்திருந்தால்தான் சட்டத்தில் அது கார்போர்ட்.

நடைபாதையை வெட்டிப் புது டிரைவ்வே இறக்குவதானால் அதற்குத் தனியாக கவுன்சில் சம்மதம் வேண்டும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடு, காட்டுத்தீ அபாயப் பகுதி இவற்றுக்கு வேறு நிபந்தனைகள். வாங்கும்போது வக்கீல் கொடுத்த 10.7 சான்றிதழை (மனைக்கு என்னென்ன திட்ட விதிகள் பொருந்தும் என்று கவுன்சில் தரும் தாள்) எடுத்துப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும். தூணுக்குக் குழி தோண்டும் முன் பூமிக்கடியில் கேஸ், கேபிள் போகிறதா என்று இலவசமாகவே கேட்டுக்கொள்ளலாம்.

ஆள் வைத்துச் செய்தால், கூலியும் பொருளும் சேர்த்து 5,000 டாலரைத் தாண்டும் வேலைக்கு லைசென்ஸ் உள்ளவர்தான் வர வேண்டும்.

"யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று அப்பா கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் போட்டால் போதும், கவுன்சில் ஆள் வந்துவிடுவார். இடிக்கச் சொல்லி உத்தரவு போடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீலும் இதைத்தான் முதலில் கிளறுவார்.

அதற்காக ஷெட்டே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். 1999 ஏப்ரலில் சிட்னியில் பெய்த ஆலங்கட்டி மழையில் ஆயிரக்கணக்கான கார்கள் நசுங்கின. பக்கவாட்டில் எத்தனை மீட்டர் அகலம் கிடைக்கிறது என்று அளந்து எழுதுங்கள், 900 விட்டபிறகு கார்க் கதவு திறக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.