யானையின் கனவில் வந்த சிங்கம்

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். பள்ளிப் பூப்பந்துக் குழுவில் ஒற்றையர் ஆட்டக்காரன். மாவட்டப் போட்டியில் மற்ற எல்லோரையும் சமாளித்துவிடுவான். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பையன் ஒருவனிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்கிறான். அட்டவணையில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே முகம் வாடிவிடும். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான். முதல் சர்வீஸே வலையில் விழும். போன மாதம் எங்கள் தோட்டத்து விழாவில் பேசிய ஒருவர், "அந்தப் பையன் நம்ம தம்பிக்குச் சிம்ம சொப்பனம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவன், "அம்மா, அப்படின்னா என்ன? அதில் நான் சிங்கமா?" என்று கேட்டான். என் கணவர் "சிங்கம் மாதிரி வீரன்" என்கிறார். மாமியார் "கெட்ட கனவு" என்கிறார். எது சரி? பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

— ஒரு தாய், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மாமியார் சொன்னதுதான் பொருளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சிம்மம் என்றால் சிங்கம், சொப்பனம் என்றால் கனவு. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஸ்வர்க்கம் நம் வாயில் சொர்க்கம் ஆனது போல ஸ்வப்னம் சொப்பனம் ஆனது. அந்தச் சிம்மம்தான் சிம்மாசனத்திலும் சிம்ம ராசியிலும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் சொல்லும் 'சிங்கா'வும் சிங்கப்பூரின் பெயரும் அதே வேரிலிருந்து வந்தவைதாம்.

சரி, கனவு காண்பது யார்? யானை. தூக்கத்தில் சிங்கத்தைக் கண்ட யானை அந்த அதிர்ச்சியிலேயே உயிரை விட்டுவிடும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்த தொடர் இது. நினைத்தாலே எதிராளிக்குக் குலை நடுங்கும்படி இருப்பவரை இன்று அப்படிச் சொல்கிறோம்.

யானைக்குச் சிங்கம் பகை என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் ஒரே களத்தில் சாய்த்த கரிகாலனைப் பொருநராற்றுப்படை எப்படிப் பாடுகிறது தெரியுமா? பால்குடி மறக்காத ஆளிக்குட்டி (ஆளி என்பது சிங்கம் போன்ற விலங்கு, யாளி என்றும் சொல்வார்கள்), தன் முதல் வேட்டையிலேயே ஆண் யானையைக் கொன்றது போல என்று பாடுகிறது. கோயில் தூண்களில் யாளியின் காலடியில் யானை சிறுத்துக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவள்ளுவர் சிங்கத்துக்குப் பதில் புலியை நிறுத்துகிறார்:

பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை
வெரூஉம் புலிதாக் குறின்.

உடம்பு பெரிது, கொம்பு கூர்மை. இருந்தும் புலி தாக்கினால் யானை அஞ்சும். ஊக்கமுடைமை அதிகாரத்தில் 599-ஆவது குறள் இது. ஊக்கம் இல்லாவிட்டால் உடல் பலம் கைகொடுக்காது என்பதற்காகச் சொன்னது. இதையும் சிம்ம சொப்பனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறளில் புலி நிஜமாகவே பாய்கிறது. கனவில் வந்த சிங்கமோ யானையைத் தொடக்கூட இல்லை. உங்கள் மகனின் முதல் சர்வீஸ் வலையில் விழும்போது அந்தப் பையன் இன்னும் பந்தைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா?

உங்கள் கணவரைப் போல இதை வெறும் வீரப் பட்டமாக எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். "எங்கள் தலைவர் ஒரு சிம்ம சொப்பனம்" என்று மேடையில் முழங்குவார்கள். அது பாதி வாக்கியம். யாருக்கு என்று சொன்னால்தான் பொருள் முழுமையாகும். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை ஆங்கிலேயருக்குச் சிம்ம சொப்பனம் என்று தாராளமாகச் சொல்லலாம். அவரை உயிரோடு விட்டுவைக்க மனமில்லாமல்தானே 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்! இந்தத் தொடரில் எப்போதும் அஞ்சுகிறவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பரம எதிரி என்பது வேறு. அங்கே பகை இரண்டு பக்கமும் இருக்கும். சிம்ம சொப்பனம் ஒருபக்கத்துச் சங்கதி. தான் உங்கள் மகனுக்கு இப்படி ஒரு கனவாகிவிட்டோம் என்பதே அந்தப் பக்கத்து ஊர்ப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே தம்பி கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லுங்கள்: "இதில் நீ யானை." வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் தோல்விக்கு ஊரார் முன்னால் பெயர் சூட்டியது தப்பு. பேசியவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் தப்புத்தான். அவரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பூப்பந்தில் இந்த நாட்டுக்கே தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. நம் மலேசியாவின் லீ சோங் வெய்க்குச் சீனாவின் லின் டான். 2008-இல் பெய்ஜிங், 2012-இல் லண்டன் என்று இரண்டு ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் அவரிடமே தங்கத்தைப் பறிகொடுத்தார். இருவரும் மோதிய 40 ஆட்டங்களில் 28 லின் டானுக்கு. அப்படியிருந்தும் 2016-இல் ரியோ அரையிறுதியில் முதல் செட்டை 15-21 என்று இழந்த பிறகு, 21-11, 22-20 என்று அதே லின் டானைச் சாய்த்தார். இறுதியில் சென் லோங்கிடம் தோற்றார், தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் மகனிடம் சொல்லுங்கள். ஆனால் அந்த அரையிறுதியின் மூன்றாவது செட்டை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய தோல்விகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆடுகிறவரால் 20-20-இல் அப்படி நிற்க முடியாது.

அடுத்த முறை இரண்டு பையன்களும் மோதும்போது கணவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதைப் போட்டு, ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் போனது என்று மகனையே ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் அடித்து வென்றவை ஒரு பத்தியில், இவன் வலையிலும் கோட்டுக்கு வெளியிலும் அடித்துக் கொடுத்தவை இன்னொரு பத்தியில். இரண்டாவது பத்தி நீளமாக இருந்தால் அதைப் பயிற்சியால் குறைக்கலாம். முதல் பத்தி நீளமாக இருந்தால் அந்தப் பையன் நிஜமாகவே கெட்டிக்காரன். அவனிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். பள்ளி விடுமுறையில் அந்தப் பையனைப் பயிற்சிக்கு அழையுங்கள். நடுவர் வேண்டாம், புள்ளிக் கணக்கும் வேண்டாம், மண்டபத்தில் ஒரு மணி நேரம் சும்மா ஆடட்டும். பையன்கள் தாங்களாக வாய் திறந்து கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அவனுடைய அம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள்.