40 எம்பிபிஎஸ் இணைப்பிலும் டொரண்ட் ஏன் ஊர்கிறது?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பள்ளியின் பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுக்கொடுக்கும் வேலையை ஏற்றிருக்கிறேன். டவரிலிருந்து வரும் வயர்லெஸ் இணைப்பு, 40 எம்பிபிஎஸ் திட்டம். கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வாங்கும் டொரண்ட் மென்பொருளான க்யூபிட்டொரண்ட்டில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் புதிய பதிப்பு நொடிக்கு 400 கேபியைத் தாண்ட மறுக்கிறது. பழைய 32 பிட் 19.3 பதிப்பு 97 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது. எந்த செட்டிங்கை மாற்றினால் வேகம் கூடும்?

பதில்:

சேலம் ஐந்து ரோடு பக்கம் கணினி, நெட்வொர்க் வேலை செய்கிறேன். மலைமேல் எஸ்டேட்டுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் ரவுட்டர் மாட்டிக்கொடுக்கப் போவதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்வதானால், உங்கள் இரண்டு கோப்புகளும் சிக்கியிருப்பது இரண்டு வேறு வேறு இடங்களில். இரண்டையும் ஒரே செட்டிங்கால் சரிசெய்ய முடியாது.

முதலில் கணக்கு. 40 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. க்யூபிட்டொரண்ட் காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 5 எம்பிதான் உங்கள் உச்சம். அதில் 400 கேபி என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் உங்கள் புகார் நியாயமானதே.

புதிய மின்ட் பதிப்புக்கு, முழுக்கோப்பை வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுக்கும் 'சீடர்கள்' (seeders) உலகம் முழுக்க ஏராளம். அங்கே ஆள் பஞ்சம் காரணமாக இருக்க முடியாது. அதே ஐஎஸ்ஓ கோப்பை டொரண்ட் இல்லாமல், மின்ட் தளம் பட்டியலிடும் மிரர் (நகல் வைத்திருக்கும் சர்வர்) ஒன்றிலிருந்து நேரடியாக இறக்கிப் பாருங்கள். அதுவும் ஊர்ந்தால் குற்றம் இணைப்பில்தான். டொரண்ட்டைத் திட்டிப் பயனில்லை. நேரடியாக வேகமாக வந்து டொரண்ட்டில் மட்டும் ஊர்ந்தால், க்யூபிட்டொரண்ட்டின் கீழ்ப்பட்டையில் இருக்கும் வேகமானிச் சின்னத்தைப் பாருங்கள். அதில் கை பட்டால் மாற்று வேக வரம்பு இயங்கத் தொடங்கிவிடும். சிரிக்காதீர்கள், இதற்காகவே மலையேறிப் போன இடங்கள் உண்டு.

அது அணைந்தே இருந்தால் நான் சந்தேகப்படுவது அப்லோடை. டவர் இணைப்புகளில் கீழே வரும் வேகத்தைவிட மேலே போகும் வேகம் மிகக் குறைவு. வந்து சேரும் தரவுப் பொட்டலங்களுக்கு உங்கள் கணினி 'கிடைத்தது' என்று பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் தாமதமானால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். அப்லோடு வரம்பில்லாமல் இருந்தால், நீங்கள் பிறருக்குக் கொடுக்கும் துண்டுகளே அந்த ஒடுக்கமான வழியை நிறைத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற லாரி நின்றுவிட்டால் இறங்குகிற பஸ்ஸும் நிற்கத்தானே வேண்டும்? எனவே வேகச் சோதனைத் தளம் ஒன்றில் அப்லோடை அளந்து, அதில் 70 முதல் 80 சதவீதத்தை வரம்பாகப் போடுங்கள். அப்லோடு 3 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 375 கேபி; வரம்பு 280 போதும்.

அப்படியானால் அப்லோடை ஒரேயடியாக 1 கேபிக்கு இறக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 2001-இல் பிராம் கோஹன் பிட்டொரண்ட் என்ற இந்தப் பகிர்வு முறையை வடிவமைத்தபோதே இதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார். உங்களைப் போலவே பாதியில் இருப்பவர்கள், தங்களுக்கு அதிகம் கொடுப்பவர் யார் என்று 10 நொடிக்கு ஒருமுறை பார்த்து, அவர்களுக்கே துண்டுகளைத் தருவார்கள். புதியவர் ஒருவருக்கு 30 நொடிக்கு ஒருமுறை இலவச வாய்ப்பு. சீடர்களுக்கு உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லை என்பதால் புதிய மின்ட் போன்ற கோப்பில் கஞ்சத்தனம் அவ்வளவாகத் தெரியாது. சீடர்கள் குறைந்த கோப்பில் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள்.

இன்னொன்று, மொத்த இணைப்புகளின் எண்ணிக்கை. க்யூபிட்டொரண்ட்டில் இது இயல்பாக 500. மலிவான ரவுட்டர்கள் இத்தனையைத் தாங்காமல் திணறும். டொரண்ட் ஓடும்போது வீட்டில் மற்றவர்களின் போனில் இணையமே நின்றுபோனால் இதுதான் அடையாளம். 150 ஆக்குங்கள். வேகம் குறையாது.

இனி 97 சதவீதத்தில் நிற்கும் கோப்பு. அதில் 'அவெய்லபிலிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள். அது 1-க்குக் கீழே இருந்தால், உங்களோடு இணைந்திருக்கும் எல்லாரிடமும் உள்ளதைச் சேர்த்தாலும் முழுக்கோப்பு தேறாது என்று பொருள். எந்த செட்டிங்காலும் இல்லாத துண்டை வரவழைக்க முடியாது. முழுக்கோப்பு வைத்திருப்பவர் எங்கோ இருந்தும் உங்களுக்கு எட்டாமல் இருக்கலாம் என்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே நம்பிக்கை.

இங்கேதான் சிஜிநாட் வருகிறது. ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகள் தட்டுப்பாடானதால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு இது. டவர் இணைப்புகளில் மிகச் சாதாரணம். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்று காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. 10-இல் தொடங்கினாலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். நீங்கள் வெளியே போய் ஒருவரோடு இணையலாம், வெளியிலிருந்து எவரும் உங்களோடு இணைய முடியாது. எதிரில் இருப்பவரும் அப்படியே இருந்தால் இருவரும் பெரும்பாலும் சந்திக்கவே மாட்டீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு ரவுட்டரில் வழி திறக்கும், யூடியூபில் சொல்லும் போர்ட் ஃபார்வர்டிங் வித்தைகள் இந்த நிலையில் வீண். கதவு உங்கள் ரவுட்டரில் இல்லை, நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்கலாம், கூடுதல் கட்டணம் இருக்கும். புதிய வகை முகவரியான ஐபிவி6 கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு சிஜிநாட் தேவையில்லை. ரவுட்டரின் ஃபயர்வாலில் க்யூபிட்டொரண்ட் பயன்படுத்தும் அந்த ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும்.

யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் டிராக்கர் சர்வர்களை நூறு ஒட்டுவது, 'பூஸ்டர்' மென்பொருள் போடுவது எல்லாம் மந்திரித்த கயிறு வகை. க்யூபிட்டொரண்ட்டிலேயே உள்ள டிஎச்டி, பெக்ஸ் என்ற வசதிகள் இயங்கினால் ஆட்களைத் தேடும் வேலையை அவையே செய்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வைத்திருந்த இணைப்பு வரம்பை உடைக்கும் குறிப்பு இன்னமும் சுற்றிவருகிறது. அந்த வரம்பே இன்றைய விண்டோஸில் கிடையாது.

உண்மையில் அந்த 32 பிட் கோப்பே உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள். 2006-இல் வந்த கோர் 2 டுவோ சிப்பே 64 பிட்தான். பள்ளிக் கணினிகள் அதற்குப் பிந்தியவை என்றால் புதிய மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ எனும் இலகுவான பதிப்பே பெரும்பாலும் ஓடும், ராம் 2 ஜிபியாவது இருந்தால். உண்மையாகவே 32 பிட் என்றால் இன்னொரு லினக்ஸான டெபியன் 12-ஐ எடுங்கள், நேரடி இணைப்பிலேயே கிடைக்கும். மின்ட் 19.3-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2023 ஏப்ரலோடு நின்றுவிட்டன. பிள்ளைகள் இணையம் பார்க்கும் கணினியில் அதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் ஏற்காட்டில் டவருக்கு நெரிசல் நேரம். இரவு பதினொன்றுக்கு மேல் ஓடவிடுங்கள். அவசரம் என்றால் சேலம் வரும்போது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு மணி நேர மலைப் பயணத்தில் அது நொடிக்கு 8 எம்பிக்கு மேல் ஆகிறது, உங்கள் இணைப்பைவிட வேகம்.

நேரடி இறக்கத்தில் என்ன வேகம் வந்தது, வான் ஐபி எதில் தொடங்குகிறது என்று கீழே எழுதுங்கள். முழு முகவரியைப் போட வேண்டாம், முதல் இரண்டு எண் போதும்.