ஓடித் தேய்ந்ததும் நின்று துருப்பிடித்ததும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பரிஸின் புறநகர் ஒன்றிலுள்ள கார் கராஜில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பழைய பொருட்களைப் பேணுவது பற்றிய உங்கள் கட்டுரையில், 2015 இல் இங்கு ஏலம் போன பாயோன் என்பவரின் பழைய கார்ச் சேகரிப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏலத்துக்கு முன் ரெட்ரோமொபில் கண்காட்சியில் அந்தக் கார்களை நேரில் பார்த்தவன் நான். ரயர்கள் வெடித்து, கதவின் அடித்தகடு உதிர்ந்து, இருக்கையின் பஞ்சு வெளியே தொங்க நின்ற கார்களைச் சுற்றிச் சனம் படம் எடுத்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகைதான் வந்தது. வசதி படைத்தவர்கள் இப்படியான கார்களை வாங்கி எப்படி உக்க விடுகிறார்கள்? துருவுக்குக் கோடிக்கணக்கில் விலை கொடுப்பது சரிதானா? மறுபக்கம், மெக்லாரன் எஃப்1 போன்ற அபூர்வமான காரைச் சாதாரண வாகனம்போல ஓட்டி இரண்டு தரம் மோதிய நடிகர் ரோவன் அட்கின்சனைப் போன்றவர்களை என்ன சொல்வது?

இன்னொன்று. எங்கள் கராஜின் பின்வளவில் ஒரு ஃபெராரி 348 நிற்கிறது. பெல்ட் மாற்றவென்று கொண்டுவந்து விட்டவர், செலவு மதிப்பீட்டைப் பார்த்த பிறகு வரவில்லை. பற்றறி செத்துவிட்டது. ரயர்கள் நின்ற இடத்திலேயே சப்பையாகிவிட்டன. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் ஆத்திரம் வருகிறது. என் கோபம் நியாயமானதா?

அன்புடன்,
ஒரு வாசகர், பரிஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் நியாயமானதுதான். ஆனால் அது யார்மீது போக வேண்டும் என்பதில் நான் உங்களிடமிருந்து வேறுபடுகிறேன். மோதியவரையும் கைவிட்டவரையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள். என் பார்வையில், ஓட்டி ஓட்டி ஒரு காரைத் தேய்த்தவர் அதற்குரிய மரியாதையைச் செய்தவர். பூட்டி வைத்தவர், எவ்வளவுதான் நேசித்திருந்தாலும், அதற்குத் தீங்கு செய்தவர். அப்படிப் பூட்டி வைத்தவர்களிலும் பெரும்பாலோர் நீங்கள் நினைப்பதுபோல வசதியின் திமிரில் அதைச் செய்யவில்லை.

பாயோனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜே பாயோன் பிரான்சில் லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். போருக்கு முந்தைய அருமையான கார்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்த 1950களில் தொடங்கி, அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1970களில் தொழில் நொடித்தது. ஒரு பகுதி கார்கள் விற்கப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை மேற்கு பிரான்சில் அவருடைய இடத்தில், பக்கச் சுவர்கூட இல்லாத தகரக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் நின்றன. 2014 இல் பேரக் குழந்தைகளின் தலைமுறை ஏல நிறுவனத்தை அழைத்தபோதுதான் வெளியுலகம் அவற்றைப் பார்த்தது. 2015 பிப்ரவரி 6 அன்று 59 கார்கள் ஏலத்துக்கு வந்தன. 56 மட்டுமே செய்யப்பட்ட குறுகிய சக்கர இடைவெளி கொண்ட ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர்களில் ஒன்று, ஒருகாலத்தில் நடிகர் அலன் டெலோனிடம் இருந்தது, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டு ஏறத்தாழ 1.63 கோடி யூரோவுக்குப் போனது. நீங்கள் கண்ணீருடன் பார்த்த மற்ற கார்களில் பலவற்றை அந்த மனிதர் வாங்கியிராவிட்டால், அவை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருக்கு உலைக்குப் போயிருக்கும். காப்பாற்றியவரும் கைவிட்டவரும் ஒருவரே. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரை நாம் எடைபோட வேண்டும்.

இன்றைய விலையை வைத்து அன்றைய அலட்சியத்தை அளப்பதும் தவறு. இந்தக் கார்கள் கைவிடப்பட்ட காலத்தில் அவை பொக்கிஷம் அல்ல, பழைய கார்கள் மட்டுமே. 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓவில் ஒன்று, பந்தயங்களில் ஓடி முடித்த பிறகு 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு, மாணவர்கள் மோட்டார் வேலை பழகுவதற்காக அன்பளிப்பாகத் தரப்பட்டது. பள்ளியிடமிருந்து அதை வாங்கியவர் ஒஹாயோ மாநிலத்தில் டிரெய்லர்மேல் ஏற்றியபடியே திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் மழையிலும் பனியிலும் நிறுத்தி வைத்திருந்தார். அதன் உடன்பிறப்பு ஒன்று 2018 இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. பள்ளிக்குக் கொடுத்தவரையோ வெயிலில் விட்டவரையோ மடையர் என்று இப்போது சொல்வது நமக்கு மிக எளிது.

உங்கள் பின்வளவில் நிற்கும் 348 இந்த விஷயத்தின் மற்றொரு பாதியைச் சொல்கிறது. நீங்கள் அன்றாடம் பார்ப்பதை உங்களுக்கே விளக்குவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்; மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகளும் தாளம் தவறாமல் திறந்து மூடச் செய்யும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் இருப்பது எஞ்சினின் முன்முகத்தில், பயணிகள் பகுதியின் பின்சுவரை ஒட்டி. கை நுழைய இடம் இல்லை. ஆகவே பெல்ட்டை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் ரப்பருக்கு வயதாவது கிலோமீட்டரைப் பார்த்து அல்ல. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளைக் குத்தி வளைத்துவிடும். எஞ்சினை இறக்கிய பிறகு வெறும் பெல்ட்டோடு எந்த மெக்கானிக்கும் நிறுத்த மாட்டார். தண்ணீர் பம்ப், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள், கிளட்ச் என்று பட்டியல் நீளும், அதில் நேர்மைக் குறைவு ஒன்றும் இல்லை. இந்தக் கார்களின் விலை நான்காவது, ஐந்தாவது கைக்கு வரும்போது இறங்கிவிடுகிறது. பராமரிப்புச் செலவோ புதிய காரின் விலைக்கு உரிய உயரத்திலேயே நிற்கிறது. இளமை முழுவதும் ஆசைப்பட்டு, ஒரு நடுத்தர மனிதர் சேமிப்பைத் திரட்டி அதை வாங்கிவிட முடியும், வைத்துக்கொள்ள முடியாது. யானையை வாங்கியவன் தீனிக்குத் தவிப்பதுபோல அவர் தவிக்கிறார். மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போன மனிதர் திரும்பி வராததற்குப் பெரும்பாலும் வெட்கமே காரணமாக இருக்கும். விற்கவும் மனம் வராது. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணத்தில்தான் உலகத்தின் அழகான கார்களில் பல செத்திருக்கின்றன.

நிற்பது காருக்கு ஓய்வு என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. விளம்பரங்களில் ‘குறைந்த கிலோமீட்டர்’ என்று பெருமையாகப் போடுவதும் அதனால்தான். உண்மையில் இந்த எந்திரங்களுக்கு நிற்பதைப்போல் கொடுமை வேறில்லை. பெட்ரோலின் மெல்லிய பகுதிகள் ஆவியாகப் போய், மீதி பிசினாகக் கெட்டிப்படுகிறது. பழைய பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரியின் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் வெபர் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு படிவு இருக்கும். ஊசி நுழையும் அளவேயான ஜெட் துளைகள் அதனால் அடைத்துப்போயிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சக்கரத்தின் பிரேக்கை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் படாத சீல்கள் காய்ந்து சுருங்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டி, வயரிங்கையும் கடித்து வைத்திருக்கும். 1990களின் ஃபெராரிகளின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பொத்தான்களின் மேற்பூச்சு இளகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். இவையெல்லாம் நடக்க யாரும் அந்தக் காரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

அதனால்தான் அட்கின்சனை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 மட்டுமே உருவானது. 1998 இல் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தாண்டி, அக்காலத்தின் மிக வேகமான சாலைக் கார் என்று பெயர் வாங்கியது. அவர் 1997 இல் ஒன்றை வாங்கினார். மின்பொறியியல் படித்தவர்; அந்த எந்திரத்தை அறிந்து வாங்கியவர். அதை அன்றாடத் தேவைகளுக்கும் ஓட்டினார். 1999 இல் முன்னால் போன ஒரு சிறிய காரில் இடித்தார். 2011 இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே ஈரச் சாலையில் வழுக்கி மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் மோதினார். தோளெலும்பு முறிந்தது, கார் பிய்ந்தது. காப்பீட்டு நிறுவனம் பழுதுபார்க்கக் கொடுத்த தொகை 9.1 லட்சம் பவுண்டு. அதன் பிறகும் அவர் அதைக் கண்ணாடி அறைக்குள் வைக்கவில்லை, மறுபடியும் ஓட்டினார். 2015 இல் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். கார்டன் மர்ரே ஓட்டுநரை நட்டநடுவில் உட்கார வைத்து அந்தக் காரை வடிவமைத்தது ஓட்டுவதற்காகத்தானே? அதன் ஸ்டியரிங்கில் கைபட்ட தேய்மானம் எனக்கு அழகாகத் தெரிகிறது. சந்தை வேறுமாதிரி நினைக்கிறது என்பது எனக்கு மெய்யான வருத்தம்: 400 கிலோமீட்டர்கூட ஓடாத ஓர் எஃப்1, 2021 இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் போனது. கால் நூற்றாண்டு ஓடாமல் இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது. அந்த விலையைப் பார்த்து, இனி வாங்குகிறவர்களும் பூட்டியே வைப்பார்கள். என்னுடைய கோபம் இந்த இடத்தில்தான்.

துருவுக்கு விலை கொடுப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. விலை கொடுப்பவர் துருவுக்குக் கொடுக்கவில்லை. யாரும் கைவைக்காததால் செய்தவர்களின் வேலை அப்படியே தங்கியிருப்பதற்குக் கொடுக்கிறார். முதல் ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பேயை நினைத்துப் பாருங்கள். 1964 இல் கட்டப்பட்டு, அடுத்த ஆண்டு பான்வில் உப்புவெளியில் வேக சாதனைகள் படைத்த கார் அது. இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் வாங்கி, தம் பணியாளருக்கு ஆயிரம் டாலருக்குக் கொடுத்தார். பிறகு அந்தப் பணியாளருடைய மகளின் கைக்குப் போய், கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருட்டில் நின்றது. இன்று ஃபிலடெல்ஃபியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தொகுத்தவர் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர். பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே வைத்தார். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014 இல் இடம்பெற்ற முதல் வாகனம் அதுதான். அந்தக் காலத்து வெல்டிங், அவசரமாக அடித்த பெயின்ட், சுத்தியல் தழும்பு எல்லாம் அதில் படிக்கக் கிடைக்கின்றன. பளபளவென்று புதுப்பித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

சுவிட்சர்லாந்து சுங்க அதிகாரிகள், வரி கட்டப்படாத 1925 ஆம் ஆண்டுப் புகாட்டி பிரெசியா ஒன்றை 1936 இல் மஜோரே ஏரியில் இறக்கிவிட்டார்கள். 1967 இல் முக்குளிப்பவர் ஒருவர் கண்ணில் பட்டு, 2009 இல் மேலே வந்து, 2010 இல் 2,60,500 யூரோவுக்கு ஏலம் போனது. வாங்கிய பீட்டர் முல்லின் அதைச் செப்பனிடாமல் அப்படியே கலிஃபோர்னியாவில் தம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். அதுவும் சரி என்பேன். தொட்டால் எஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் 2023 இல் 18.75 லட்சம் டாலருக்கு விற்கப்பட்ட எரிந்த ஃபெராரி 500 மோண்டியாலின் கதை வேறு. இத்தாலியின் 1954 மில்லே மில்லியா சாலைப் பந்தயத்தில் ஓடிய கார், பிறகு மோதி, தீயில் கருகி, கசங்கிய தகடுகளாகப் பல பத்தாண்டுகள் கிடந்தது. செய்தவர்களின் கைவேலையைத் தீயே தின்றுவிட்ட பிறகு, மறுபடி கட்டி எழுப்புவதால் இழக்க எதுவும் இல்லை. கட்டட்டும், ஓட்டட்டும், எரிந்த தகடுகளை மட்டும் தூக்கியெறியாமல் பக்கத்தில் வைத்திருக்கட்டும்.

இனி உங்கள் 348. உரிமையாளரை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். கணக்குத் தீர்க்கச் சொல்லும் குரலில் அல்ல, காரின் நலத்துக்காக அழைப்பவராக. முழு வேலைக்கும் இப்போது பணம் இல்லையென்றால், கார் மேலும் கெடாமல் இருக்கச் செய்யக்கூடிய சிறிய வேலைகளுக்கு மட்டும் ஒப்புதல் கேளுங்கள்: பழைய பெட்ரோலை வடிப்பது, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவது, பிரேக் ஆயிலை மாற்றுவது, கூரைக்குக் கீழே கொண்டுவருவது. எஞ்சினைப் பழைய பெல்ட்டோடு கிளப்பிப் பார்க்க யாரையும் விடாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரால் இனி எப்போதும் முடியாது என்று பேச்சில் தெரிந்தால், விற்றுவிடச் சொல்லி, வாங்க வருபவர்களில் ஓட்டக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள். உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவர் சொன்னால் அவர் கேட்பார். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.